86-க்கு சூப்பர்சார்ஜர் வைக்கலாமா? 4,000 ஆர்பிஎம்மில் கார் யோசிக்கிறது

டிராம்காரன் (மெல்பன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெல்பனில் டிராம் ஓட்டுகிறேன். வாரத்தில் ஐந்து நாள், தண்டவாளம் போகிற இடத்துக்குப் போய்த் திரும்புகிற பிழைப்பு. ஸ்டியரிங்கே கிடையாது. அதனாலோ என்னவோ, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய டொயோட்டா 86 வாங்கினேன். 2013 மாடல், ஆறு கியர் மேனுவல். வாங்கும்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,18,000. இரண்டு லிட்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் வகை), எஞ்சின் பெயர் எஃப்ஏ20. டர்போ கிடையாது, தன் மூச்சிலேயே ஓடுகிற எஞ்சின். கம்பெனிக் கணக்கு 147 கிலோவாட், 205 நியூட்டன் மீட்டர். போன மாதம் டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) ஏற்றியபோது சக்கரத்தில் 118 கிலோவாட் வந்தது.

கார் ரொம்பப் பிடிக்கும். ஐடிலில் நின்றால் பெட்ரோல் பம்ப் சில்வண்டு மாதிரி கத்தும், அதுகூடப் பழகிவிட்டது. குறை ஒன்றே ஒன்றுதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரீஃப்டன் ஸ்பர் பக்கம் போவேன். மேரிஸ்வில் பக்கத்து மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வளைவை முடித்து மிதித்தால், 3,500-க்கும் 4,500-க்கும் நடுவே வண்டி 'இரு, யோசிக்கிறேன்' என்கிறது. 5,000 தாண்டியதும் தூக்கம் கலைந்து ஓடும். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், பிரேக் பிடிக்க வேண்டும்.

எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்தால் என்ன என்று ஒரு கடையில் விசாரித்தேன். சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர் கிட், பொருத்தும் கூலி, டியூன் (எஞ்சின் கம்ப்யூட்டரை அதற்கேற்ப மாற்றுவது), சான்றிதழ் எல்லாம் சேர்த்து 13,500 டாலர் என்றார்கள். எஞ்சினைத் திறக்கவே வேண்டாமாம், நான்கு நாள் வேலையாம். 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்), சக்கரத்தில் 180 கிலோவாட் உறுதி என்று கையில் அடிக்காத குறை. வீட்டில் சொன்னேன். "பின் சீட்டில் கால் வைக்க இடமில்லாத காருக்கு இன்னொரு கார் விலையா?" என்று கேட்டுவிட்டு அவள் சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

என் சந்தேகங்கள்: இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் ரேஷியோ (சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் மடங்கு) 12.5. அதன்மேல் பூஸ்ட் கொடுத்தால் 98 ஆக்டேன் பெட்ரோலில் தாங்குமா? கிளட்ச் தாங்குமா? வருடத்தில் இரண்டு முறை வின்டன் ரேஸ் டிராக்குக்கும் போவேன், அங்கே என்ன ஆகும்? வைத்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள். 'டர்போ போடு' என்று மட்டும் சொல்ல வேண்டாம், அந்தச் சண்டை இங்கே ஏற்கெனவே நாற்பது பக்கம் ஓடியிருக்கிறது.

ஜோகூர் ஜெட் (ஜோகூர் பாரு) எழுதியது:

அண்ணா, முதலில் டயர். 17 இஞ்ச் ரிம்மோடு கம்பெனி கொடுத்த மிச்சலின் பிரைமசி இன்னும் இருந்தால் அதை மாற்றுங்கள். மிதித்ததும் பின்புறம் வழுக்கி விளையாடட்டும் என்றே அந்தக் காருக்கு அப்படிப்பட்ட டயர் கொடுத்தார்கள். 118 கிலோவாட்டுக்கே வழுக்குகிறதை 180-இல் என்ன செய்வீர்கள்?

இன்னொரு வழி, விற்றுவிட்டு 86-இன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86 வாங்குங்கள். 2.4 லிட்டர், 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700-லேயே. நீங்கள் சொல்கிற பள்ளத்தை டொயோட்டாவே நிரப்பி விற்கிறது.

ஒன்பதாயிரம் (டொரன்டோ) எழுதியது:

86 இல்லை, என்னிடம் இருப்பது ஹோண்டா எஸ்2000. 2001 மாடல், 9,000 வரை சுற்றும். ரோட்ரெக்ஸ் யூனிட் (அதுவும் சென்ட்ரிஃபியூகல் வகைதான்) வைத்த கிட் போட்டு ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நல்லது முதலில்: சத்தமில்லை, அடக்கமான சைஸ், ஊருக்குள் ஓட்டும்போது இருப்பதே தெரியாது. உள்ளே பல்சக்கரம் கிடையாது, உருளைகள் ஒன்றோடொன்று உராய்ந்துதான் வேகத்தைப் பெருக்குகின்றன. அதற்கென்று தனி எண்ணெய், தனி டப்பா, தனி ஃபில்டர். அந்த எண்ணெய் விலையைப் பார்த்து முதல் தடவை வாசனைத் திரவியமோ என்று நினைத்தேன். மாற்றாமல் மட்டும் விடாதீர்கள்.

என்னைப் படுத்தியது பெல்ட். முதல் கோடையில் 8,000-க்கு மேல் பூஸ்ட் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. 8 பிஎஸ்ஐ காட்ட வேண்டிய இடத்தில் 6. டியூன் கோளாறு என்று இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ரேடியேட்டர் பக்கம் முழுக்க மை தூவினாற்போலக் கருப்புத் தூள். பெல்ட் வழுக்கி ரப்பர் தேய்ந்து கொட்டியிருக்கிறது. டென்ஷனரை மாற்றி, புல்லியின் வரிசையை ஒரு மில்லிமீட்டர் சரி செய்த பிறகே அடங்கியது. ஆக, வைத்த பிறகும் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறக்கிற ஆசாமியாக இருந்தால் வையுங்கள்.

கராஜ் சித்தப்பா (பெர்த்) எழுதியது:

தம்பி, கேள்வியை நன்றாகக் கேட்டிருக்கிறாய். ஆனால் விலை கேட்ட சாமான் வேறு, உன் நோய் வேறு.

உன் குறை 4,000-இல். கடைக்காரர் விற்கப் பார்க்கிறது 7,000-க்கான மருந்து. சென்ட்ரிஃபியூகல் என்றால் டர்போவின் காற்றுச் சக்கரத்தை எடுத்து பெல்ட்டில் மாட்டியது, அவ்வளவுதான். அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 7,000-இல் 7 பிஎஸ்ஐ கொடுப்பது 4,000-இல் எவ்வளவு கொடுக்கும்? நாலை ஏழால் வகு, அதை அதாலேயே பெருக்கு, பிறகு 7-ஆல் பெருக்கு. இரண்டே கால் பிஎஸ்ஐ. 3,500-இல் அதுவும் இல்லை, ஒன்றே முக்கால். உன் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், ரோடு முழுக்க அரை அடி உயர்ந்த மாதிரி. மேலே போனால் பறக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரீஃப்டன் ஸ்பரில் 7,000 வரை எத்தனை தடவை போகிறாய்?

கீழேயிருந்தே தூக்க வேண்டுமென்றால் ஸ்க்ரூ வகை அல்லது ரூட்ஸ் வகை. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு காற்று என்று படி போட்டு அளந்து தள்ளும், 2,500-லேயே பூஸ்ட் முழுசாக வந்து நிற்கும். இரண்டு வகையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்ப்ரின்டெக்ஸ் ட்வின் ஸ்க்ரூ, உங்கள் ஊர் ஹாரொப் ஈட்டன் டிவிஎஸ் ரோட்டார். (நம்ம ஊர் டிவிஎஸ் இல்லை, ஆசைப்படாதே.) இதில் கஷ்டம் என்னவென்றால், டார்க் (சுழற்றும் விசை) சீக்கிரம் வரும், நிறைய வரும். கிளட்ச் அப்போதுதான் அழும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுக்கும் அது நல்லதில்லை.

இப்போது 12.5 விஷயம். ஏறக்குறைய இதே எஃப்ஏ20 குடும்பத்தை சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் டர்போவோடு வைத்தபோது கம்ப்ரஷனை 10.6-க்கு இறக்கியது. செய்தவனே இறக்கினான் என்றால் காரணம் இருக்கும். காற்றை அமுக்கினால் சூடாகும். 25 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 7 பிஎஸ்ஐக்கு அமுக்கினால், நல்ல கம்ப்ரஸர் என்றாலும் 70 டிகிரிக்கு மேல் வெளியே வரும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போய் இன்னும் பன்னிரண்டரை மடங்கு நசுங்கினால், ப்ளக் பொறி மூட்டிய தீ வந்து சேரும் முன்பே மூலையில் மிச்சமிருப்பது தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங். ஆகவே அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத கிட்டைத் தொடாதே. 98-ஐத் தவிர வேறு பெட்ரோல் ஊற்றாதே. இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, அதாவது பொறியைத் தாமதமாக்கி, டியூன் செய்யத் தெரிந்தவரிடம் போ. பலர் 12.5-இல் இந்த பூஸ்டை வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், அது நிஜம். ஆனால் அது டியூனரின் புண்ணியம், எஞ்சினின் புண்ணியம் இல்லை.

180 கிலோவாட் உறுதி என்றாரா? 7 பிஎஸ்ஐ என்றால் காற்று 1.48 மடங்கு. 118-ஐ அதால் பெருக்கினால் 174. அதில் சூடு கொஞ்சம் தின்னும், கம்ப்ரஸரைச் சுற்றவே பெல்ட் பத்து கிலோவாட் போலத் தின்னும். 180 என்பது அவருடைய டைனோ சந்தோஷமாக இருந்த நாள்.

இதெல்லாம் பிறகு. முதலில் ஒன்று சொல். உன் கார் 2013. அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு வால்வு ஸ்ப்ரிங் ரீகால் (கம்பெனியே காரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது, சுபாரு 2018 நவம்பரில் அறிவித்தது. ஸ்ப்ரிங் கம்பியில் நுண்ணிய கசடு, முறியும் ஆபத்து. உன்னுடையதில் அந்த வேலை நடந்ததா? நடந்திருந்தால் சம்பை (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கழற்றிப் பார்த்தாயா? ஸ்ப்ரிங் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும், முன் கவரைக் கழற்றி சீலன்ட் பூசித் திரும்ப ஒட்ட வேண்டும். கை தாராளமாகப் பூசினால் மிச்சம் உள்பக்கம் பிதுங்கும், உதிர்ந்து ஆயிலோடு போய், ஆயிலை உறிஞ்சும் குழாயின் பிக்கப் வலையில் உட்காரும். நான் மூன்று காரில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டிராம்காரன் எழுதியது:

சித்தப்பா, கணக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது. இரண்டே கால் பிஎஸ்ஐக்கா 13,500 டாலர்!

ரீகால் பேப்பர் டேஷ்போர்டில் இருக்கிறது, 2019-இல் முதல் ஓனர் செய்திருக்கிறார். எந்த டீலர் என்று எழுதி அவர்களுக்கு விளம்பரம் வேண்டாம். சம்பைக் கழற்றிப் பார்க்கும் யோசனை எனக்கு வரவே இல்லை. ஆயில் பிரஷர் விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லையே?

ஜோகூர் தம்பி, டயர் மாற்றி ஒரு வருடம் ஆகிறது. ஜிஆர்86 விலையை இங்கே வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

கராஜ் சித்தப்பா எழுதியது:

விளக்கை நம்பாதே. பிரஷர் ரொம்பக் கீழே போன பிறகுதான் அது எரியும். விளக்கு எரிவது எச்சரிக்கை இல்லை, இரங்கல் செய்தி. கேஜ் ஒன்று மாட்டு. சம்பைக் கழற்று, இரண்டு மணி நேர வேலை. கூடவே கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்), லீக்டவுன் (எத்தனை சதவீதம் காற்று கசிகிறது) இரண்டும் பார்.

வளைந்த ராடு (சிட்னி) எழுதியது:

பெயரைப் பார்த்தாலே கதை தெரியும். சுபாரு பிஆர்இசட், 2014, அதாவது உங்கள் காரின் இரட்டைப் பிள்ளை. ஸ்க்ரூ வகை சூப்பர்சார்ஜர். பதினான்கு மாதம் சொர்க்கம்.

பிறகு நான் செய்த தப்பு: போதாது என்று சின்ன புல்லி மாட்டினேன். பூஸ்ட் ஏறியது. டியூன் செய்த இடத்தில் பழைய மேப்பையே கொஞ்சம் தட்டிக்கொட்டிக் கொடுத்தார்கள், லாக் (ஓடும்போது எஞ்சின் கம்ப்யூட்டர் காட்டும் எண்களின் பதிவு) கேட்டதற்கு "எல்லாம் ஓகே பாஸ்" என்றார்கள். ஒரு பிப்ரவரி மாதம், 38 டிகிரி வெயில், ஹைவேயில் நாலாவது கியரில் 3,000-இலிருந்து முழுசாக மிதித்தேன். வெடிச்சத்தம் எதுவும் இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம், யாரோ டிக்கியை மூடினாற்போல. அதன் பிறகு எஞ்சின் ஓடியது, ஆனால் நொண்டியது. பிரித்துப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டர் ராடு லேசாக வளைந்திருந்தது, மேஜை மேல் வைத்தால் அடியில் சாவி நுழையும். எல்லோரும் சக்கரத்தில் 300 குதிரைத்திறன் வரை பயமில்லை என்பார்கள். நான் அந்த எண்ணைத் தொடவே இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் ராடை வளைப்பது குதிரை இல்லை, டார்க்.

கேட்டு வாங்க வேண்டியது லாக். எஃப்ஏ20 கம்ப்யூட்டர் நாக்கிங் கேட்டால் ஐஏஎம் என்ற எண்ணை 1-இலிருந்து கீழே இறக்கும். அது 1-இலேயே நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். என் பழைய லாக்கைப் பிறகு வேறொருவரிடம் காட்டினேன். 0.7 என்று இருந்தது, மாதக்கணக்காக. எஞ்சின் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

இன்சூரன்ஸுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். விக்டோரியாவில் சூப்பர்சார்ஜர் வைத்தால் வாஸ் எஞ்சினியர் (மாற்றிய வண்டிகளைச் சோதித்துச் சான்று தருபவர்) கையெழுத்து இல்லாமல் ரோட்டில் ஓட்டக் கூடாது. போலீஸ் நிறுத்தினால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், உங்கள் ஊரில் அதற்கு 'கேனரி' என்று செல்லப்பெயர்.

டிராம்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

லீவு போட்டு, காரைத் தூக்கும் ஹாயிஸ்ட் வாடகைக்குக் கிடைக்கும் ஓர் இடத்தில் நானும் ஒரு டிப்போ நண்பரும் இறங்கினோம். ப்ளக் கழற்றவே ஒரு காலைப் பொழுது போயிற்று. பாக்ஸர் எஞ்சினில் ப்ளக் பக்கவாட்டில் படுத்திருக்கும், அதற்கும் சேஸிக்கும் நடுவில் கை போகும், ஸ்பானர் போகாது. இரண்டு சின்ன எக்ஸ்டென்ஷனை உள்ளேயே வைத்து ஒன்றோடொன்று கோத்து, கண் மூடித் தடவித்தான் கழற்றினேன். முழங்கை வரை சிராய்ப்பு. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் 205, 200, 205, 195 பிஎஸ்ஐ. லீக்டவுனும் நாலிலும் ஒற்றை இலக்கம். நண்பர் கைதட்டினார், நானும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஆயிலை வடித்து அடிச் சம்பை நெம்பி எடுத்தோம். சித்தப்பா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடுவதா, மிளகாய் போடுவதா தெரியவில்லை. பிக்கப் வலையில் மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தது. சாம்பல் நிறத்தில், மெல்லிய சேமியா மாதிரி நீளநீளமாக. ஒன்றை இழுத்தேன், ரப்பராக நீண்டு வந்தது. அப்படிப் பதினொரு துண்டு. ஒரு துண்டு வலையின் உள்பக்கம் வேறு போயிருந்தது, அதை எடுக்க பிக்கப்பையே கழற்றி மண்ணெண்ணெயில் அலசினோம். இதோடுதான் ஜனவரியில் வின்டனில் ஆயில் சூடு 130 டிகிரி காட்டக் காட்ட ஆறு சுற்று ஓட்டினேன். இதற்கு மேல் சூப்பர்சார்ஜரையும் மாட்டியிருந்தால் ராடு வளையும் வரை காத்திருக்க வேண்டியிருக்காது, அதற்கு முன்பே பேரிங் போயிருக்கும். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

துண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். டீலரிடம் காட்டினேன். "இது எங்கள் வேலை என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்றார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. என் மகள் அடுத்த வருடம் பி பிளேட் (புதிதாக ஓட்டுபவர்களுக்கான லைசன்ஸ்) எடுப்பாள். இங்கே பி பிளேட்காரர்கள் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டிய கார் ஓட்டக் கூடாது. கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் 86 அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, அதை அவள் ஓட்டலாம். சூப்பர்சார்ஜர் வைத்தால் சாவியைக்கூடத் தொடக் கூடாது. இதை வீட்டில் சொன்னபோது அம்மா, மகள் இருவரும் சீரியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஆக, இப்போதைக்கு ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மாற்றுக் குழாய்) மட்டும். கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே, அதைத் தூக்கிவிட்டு வெறும் பைப் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் கன்வெர்ட்டர் உள்ள ஹெடரே வாங்கினேன். ஈக்யூடெக் என்ற மென்பொருளில் டியூன். லாக்கைக் கேட்டு வாங்கினேன், ஐஏஎம் 1. ஆயில் பிரஷர் கேஜும் மாட்டியாயிற்று. மொத்தம் 3,900 டாலர்.

டைனோவில் உச்சியில் 118 போய் 128, அது பெரிய விஷயமில்லை. ஆனால் 4,000 பக்கத்தில் கோடு முன்பு தொட்டில் மாதிரி தொங்கும், இப்போது லேசாகத்தான் குழிகிறது. நேற்று விடிகாலை ரீஃப்டன் ஸ்பர் போனேன். பனி இன்னும் விலகவில்லை. அதே ஏற்றம், அதே மூன்றாவது கியர். வண்டி யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்துக்கொண்டே நடந்தது.

பின்குறிப்பு: 13,500-இல் 3,900 போக 9,600 மீதி இருக்கிறது. ஸ்க்ரூ வகை பற்றி வீட்டில் இன்னும் பேசவில்லை.

கராஜ் சித்தப்பா எழுதியது:

பேசாதே. ஆயில் கூலர் வாங்கு, 130 டிகிரி என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆயிலை மறுபடி மாற்று. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதே, அறுத்து மடிப்பைப் பிரித்துப் பார். பன்னிரண்டாவது துண்டு அங்கே இருக்கும்.

டிராம்காரன் எழுதியது:

900 ஓடியாயிற்று. சனிக்கிழமை அறுக்கிறேன்.